உள்ளறையில் ஒரு பெண்

தையல்காரிக்கு இந்தக் கடனை விட்டால் வேறு கதியில்லை. வங்கி அதிகாரியோ, "தனி ஆளா நடத்துற கடைக்குக் கடன் கிடைக்கறது கஷ்டம்மா" என்று முன்பே சொல்லியிருந்தார். இன்று கடையைப் பார்க்க வந்தவர் திரைச்சீலையை விலக்கி உள்ளறையை எட்டிப் பார்த்தார். அங்கே துணிமூட்டைகள்தான் கிடந்தன. வேறு வாசலும் கிடையாது.

அதிகாரி சிரித்தபடி திரும்பினார். "உள்ள ஒரு பொண்ணு பட்டன் தைச்சிட்டிருக்கே, சொல்லவே இல்லையே? நிமிர்ந்துகூடப் பாக்காம வேலை செய்யுது. அப்புறமென்ன, கடன் உண்டு."

யாருமில்லை என்று சொல்ல வந்ததை அவள் மென்று விழுங்கினாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"என்னக்கா, குடுக்கறேன்னுட்டாரா?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.