கைராசி மாஸ்டர்

“பேசின தொகைய முழுசா செக் எழுதிட்டேன். காரணம் மட்டும் கேக்காதீக,” என்றார் முருகப்பன்.

வக்கீல் சந்திரலேகாவின் மேசைமேல் அவர் வைத்த செக், மின்விசிறிக் காற்றில் படபடத்தது. சமையல் மாஸ்டர் மாயக்கண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்புச் செய்தவன்தான் கேட்காமலே பணத்தை நீட்டுவான் என்பது அவர் எண்ணம்.

“எனக்குக் காசு வேணாம் வக்கீலம்மா. காரணந்தான் வேணும். அதுவும் எழுத்துல வேணும்.”

காரைக்குடி வட்டாரத்தில் மாயக்கண்ணனுக்குக் கைராசி மாஸ்டர் என்று பெயர். அவர் அடுப்பு மூட்டினால் கல்யாணம் குறையில்லாமல் நடக்கும் என்று நம்பித்தான் பாதிப் பேர் அவருக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். முருகப்பனும் தன் மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் ஒப்பந்தம் போட்டார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, “சமையலுக்கு வர வேணாம் மாஸ்டர்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் ஏதோ கெட்டுப்போயிருந்ததாம் என்று ஆரம்பித்தது. இரண்டே நாளில் பள்ளத்தூர் அறுபதாம் கல்யாணம் கைவிட்டுப் போனது. மறுநாள் பிள்ளையார்பட்டிக்காரர்களும், “அடுத்த தடவ பாத்துக்குவோம்” என்று இழுத்தார்கள். இப்படியே போனால் கரண்டியைத் தூக்கிப் பரண்மேல் போட வேண்டியதுதான் என்ற பயத்தில்தான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

அதற்கு ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. மாயக்கண்ணன் வீட்டில் காகிதமெல்லாம் அவர் மகள் சினேகாவின் பொறுப்பு. அவளோ பத்து நாள் பயிற்சி என்று கோயம்புத்தூர் போயிருந்தாள்.

சந்திரலேகா ஒப்பந்தத்தைப் பிரித்து முருகப்பன் பக்கம் திருப்பினார். “ஏழாவது நிபந்தனையப் பாருங்க. பங்காளி வீட்ல சாவுன்னா சமையல நிறுத்தலாம், கேள்வி இல்ல. வேற எதுக்காக நிறுத்தினாலும் காரணத்த எழுதிக் குடுக்கணும். பங்காளிக வீட்ல சாவு எதும் விழுந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப வேற மாஸ்டரப் பேசிட்டீகளா?”

முருகப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “யாரையும் பேசல. கல்யாணமே நின்னுபோச்சு. இன்னும் வெளிய சொல்லல.”

மாயக்கண்ணனுக்கு ஒரு கணம் மனசு இளகியது. பெண்ணைப் பெற்றவர், பாவம் என்று நினைத்தார். அடுத்த கணமே தன் கைராசிப் பேர் நினைவுக்கு வந்தது.

“போச்சு போங்க. இனிமே மாயக்கண்ணன் கை வச்சான், கல்யாணமே நின்னுச்சுன்னுல்ல பேசுவாக? என் சமையல்ல என்ன குறை கண்டீக அய்யா? மாப்பிள்ளை ஆகாஷ் தம்பியே நாலு தடவ வந்து ருசி பாத்துட்டுப் போனாரு. என் வீட்டுக்கே வந்து பால்பணியாரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு. வேணும்னா அவரக் கேளுங்க.”

முருகப்பன் குனிந்த தலையைத் தூக்கவில்லை. “உங்க கைல ஒரு குறையும் இல்ல மாஸ்டர்.”

“அத எழுதிக் குடுங்க. ஏன் நின்னுச்சுன்னும் எழுதுங்க.”

“வேணாம் மாஸ்டர். நானும் பொண்ணப் பெத்தவன். சொன்னாக் கேளுங்க.”

“உங்க பொண்ணு பேரு கெடக் கூடாது, என் பேரு மட்டும் கெடலாமா?” மாயக்கண்ணனின் குரல் உடைந்தது. முப்பது வருடம் அடுப்புப் புகையில் நின்று சம்பாதித்த பேர் அது.

“எழுதலைன்னா நாங்க கோர்ட்டுக்குத்தான் போகணும் அய்யா,” என்றார் சந்திரலேகா. “அங்க கூண்டுல ஏறி எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டியிருக்கும்.”

கோர்ட் என்றதும் முருகப்பனின் முகம் வெளிறிப் போனது. “அங்க வேணாம். இங்கயே எழுதிடுறேன்,” என்று பேனாவை வாங்கினார். நாலைந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டவர், காகிதத்தை மடித்து, வக்கீலிடம் கொடுக்காமல் மாயக்கண்ணனிடம் நீட்டினார்.

“நீங்க மட்டும் படிங்க மாஸ்டர்.”

ஜெயித்துவிட்டோம் என்று மாயக்கண்ணனின் நெஞ்சு விம்மியது. வெளி அறையில் கட்சிக்காரர்கள் சிலர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் திருப்பத்தூர் மளிகைக்காரர். அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விடும். மாயக்கண்ணன் காகிதத்தைப் பிரிக்காமலே சந்திரலேகாவிடம் தள்ளினார்.

“இதுல என்ன ரகசியம்? நீங்க சத்தமா வாசிங்க வக்கீலம்மா. வெளிய இருக்கவுகளுக்கும் கேக்கட்டும்.”

சந்திரலேகா காகிதத்தைப் பிரித்து வாய்க்குள்ளேயே படித்தார். பாதியில் நிறுத்தி முருகப்பனைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கதவ ஏன் சாத்துறீக? எம்மேல குத்தமில்லன்னு எழுதியிருக்காரா, இல்லையா?”

“எழுதியிருக்காரு.”

“கல்யாணம் ஏன் நின்னுச்சாம்?”

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சந்திரலேகா மெல்லச் சொன்னார்.

“ஆகாஷ் தாலி கட்டிட்டாரு மாஸ்டர்... நம்ம சினேகாவுக்கு.”