உப்புக்கு முன்

குழம்பில் உப்புப் போடும் நேரம் பார்த்துக் கொழுந்தன் அடுப்படிக்கு வந்துவிடுவான். "இருங்க அண்ணி, இந்திராணிக்கு எடுத்துக்கறேன்" என்று இரண்டு கரண்டி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றிக்கொண்டே மனைவியிடம் கொண்டுபோவான். அவளுக்குப் பிரஷர். பார்க்கப் பார்க்கச் சௌந்தரிக்கு வயிறு எரியும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் புருஷன் ஒருநாளும் அடுப்படிக்குள் வந்ததில்லை.

தெருமுனையில் மருத்துவ முகாம் போட்டபோது அவளும் போய்க் கையை நீட்டினாள். நர்ஸ் இரண்டு முறை அளந்து பார்த்தாள்.

"நூத்தி எண்பதும்மா! தலைசுத்தல், மயக்கம் எதுவும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல. என் ஓரகத்திக்கு நூத்தி அறுபதுதான்" என்றாள் சௌந்தரி, முகம் மலர்ந்து.

"சிரிக்காதீங்க. கவனிக்காம விட்டா வாதம் அடிச்சிடும். கூட யாரு வந்திருக்கா?"

சௌந்தரி பந்தலுக்கு வெளியே தெருவைப் பார்த்தாள்.

"இனிமேத்தான் வருவாரு."