எதிர்வீட்டு ஒயர்

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடியில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுத் தாயம்மாளின் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பச்சை ஒயர் நடையைக் கடந்து, எழிலரசியின் மடிக்கணினிக்கு வருகிறது. பழைய பேட்டரி மின்விசிறி, கணினி இரண்டையும் சேர்த்துத் தாங்காது என்று விசிறியை நிறுத்திவிட்டு, தாயம்மாள் வாசற்படியில் வியர்க்க உட்கார்ந்திருக்கிறாள். திரையில், ஒன்றையொன்று தள்ளும் துகள்களின் சங்கிலி. அதன் ஒரு முனையை ஏதோ ஒரு விசை விடாமல் ஆட்டுகிறது. ஒரே ஒரு துகளை மயிரிழை நகர்த்தி அதே சங்கிலியை மறுபடி ஓட்டினால் இரண்டும் எத்தனை வேகமாக விலகிப்போகும் என்பதுதான் எழிலரசியின் ஆராய்ச்சி. இப்போது நின்றால் பல வார ஓட்டம் வீண். "இன்னா கண்ணு, முடிஞ்சிதா?" "இன்னும் கொஞ்சம்தான்க்கா. நீங்க ஃபேனப் போட்டுக்கோங்க." "அது கெடக்குது, நீ வேலையப் பாரு." இரண்டு ஓட்டங்களையும் காட்டி ஒட்டியே வந்த சிவப்புக் கோடும் நீலக் கோடும் மெல்லப் பிரிகின்றன, பிறகு சரசரவென்று விலகுகின்றன. கடைசியில் அவை விலகும் வேகத்தைச் சொல்லும் எண் திரையில் வந்து நிற்கிறது. எழிலரசி எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்து, தாயம்மாளின் தோளில் சாய்கிறாள். "ஒரே வேர்வையா கீது, தள்ளு" என்கிறாள் தாயம்மாள். ஆனால் தோளை நகர்த்தவில்லை.