நாரையார் வைத்த செய்முறைத் தேர்வு

குளத்துப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பில் இசையைப் பாடமாக எடுத்தவள் ஆம்பல் என்கிற தவளை ஒருத்திதான். செய்முறைத் தேர்வுக்கு வந்தவரோ நாரையார். போன மழைக்காலத்தில் அவள் அண்ணனை விழுங்கியவரும் அவரே.

ஆம்பல் அவர் அலகையே பார்த்துக்கொண்டு நின்றாள்; பாட்டு வரவில்லை. சுருதி போட வந்த சில்வண்டு, "கண்ணை மூடிக்கிட்டுப் பாடுடி" என்றது.

"மூடினா, அவர் எப்போ பாய்வார்னு தெரியாதே!"

"தெரிஞ்சா மட்டும் பாட்டு வந்துடுமா?"

ஆம்பல் கண்ணை மூடினாள். அண்ணனும் அவளும் சேர்ந்து பாடிய மழைப்பாட்டுத்தான் நாவில் வந்தது. அதையே கடைசிவரை பாடினாள்.

கண் திறந்தபோது நாரையார் தலைகுனிந்து நின்றிருந்தார். அப்படியே மதிப்பெண் போட்டார்.

"பசிக்குதும்மா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குளத்தில் அலகை வைக்காமலே பறந்துபோனார்.