குழலுக்கு முன்னால் கவுதாரி

ஓடைக்கரையில் கவுதாரி மண்ணைக் கிளறி, கரையானைப் பொறுக்கித் தன் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. தின்றதும் குஞ்சுகளுக்குத் தாகம் எடுத்தது. அந்தக் கோடையில் வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு குட்டைதான். அதன் கரையில், வேலமரத்தில் சாய்ந்து ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மடியில் கிடந்த துப்பாக்கியின் குழல் குட்டையைப் பார்த்திருந்தது.

கவுதாரி கூச்சத்தோடு ஒதுங்கி நின்றது.

“வாம்மா, குடிச்சிட்டுப் போ,” என்றது துப்பாக்கி. “நான் என்ன ஒளிஞ்சா வர்றேன்? எல்லாரும் பாக்கத்தானே வர்றேன்.”

“பாத்துட்டுத்தாண்ணே மான்கூட குடிக்காமத் திரும்பிப் போச்சு. உங்களை எதுக்குத் தூக்கிட்டு வர்றாரு?”

“காட்டுல அவருக்குப் பயமாம்.”

“யாரைக் கண்டு?”

“உங்களையெல்லாம் கண்டுதான்.”

கவுதாரி கட்டைவிரல் அளவே இருந்த தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது.

“நான் இதுவரைக்கும் யாரையும் சுட்டதில்லம்மா.”

“நம்புறேண்ணே. அந்தக் குழலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க.”

“அது என்னால ஆகாது. அவரு முழிக்கணும்.”

தூங்குகிறவனின் விரல் விசைமேலேயே இருந்தது. கவுதாரி நேராகப் போய்க் குழலுக்கு முன்னால் இறகை விரித்து நின்றது. குஞ்சுகள் அதன் முதுகுக்குப் பின்னால் ஓடித் தண்ணீரில் வாய் வைத்தன.

“சுடமாட்டேன்னு சொல்றேன்ல, ஏம்மா குறுக்க நிக்கிற?”

“இதுங்க குடிக்கிற வரைக்கும் நிப்பேண்ணே. நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவோம். அவரு முழிச்சா சொல்லிடுங்க, இந்தக் குட்டையில நாங்க...”

“அம்மா, நாங்க குடிச்சாச்சு, நீ வா,” என்று கடைசிக் குஞ்சு கூப்பிட்டது.