கொஞ்சம் சத்தமா வை

மாலை ஆறானால் பக்கத்து வீட்டில் உடற்பயிற்சி ஆப் பேசத் தொடங்கும். “இன்னும் முப்பது விநாடி!” கூடவே தொம் தொம்மென்று சத்தம். துபாயிலிருந்து வந்திருக்கும் அனிஷும் மனைவி ஜிஷாவும் ஜோடியாகக் குதிப்பதை நினைத்தாலே ஞானசெல்விக்குப் பொறாமை.

வாசலில் அனிஷைப் பிடித்தாள். “மக்கா, கொஞ்சம் சத்தமா வைக்கியா? இஞ்ச நானும் கேட்டுச் செய்யலாம்லா.”

“அதுக்கென்னக்கா!”

மறுநாள் குழாயடியில் ஜிஷா ஒரு கையைத் தூக்கவே முடியாமல், மற்றக் கையால் குடத்தை எடுக்கத் திணறினாள்.

“கை வலியா? தொடக்கத்துல அப்பிடித்தான் இருக்கும். அது எந்த ஆப்பு, ஏட்டி?”

ஜிஷா பெயரைச் சொன்னாள். “தெனமும் பத்தாம் பாடம்தான் வைப்பாரு. நீங்க அத முழுசும் பாருங்கக்கா.”

அன்று மாலையே ஞானசெல்வி பத்தாம் பாடத்தைப் போட்டாள். அதே குரல், அதே முப்பது விநாடி. திரையில் ஒரு பெண் முழங்கைகளை ஊன்றி, அசையாமல் கிடந்தாள். கடைசிவரை யாருமே குதிக்கவில்லை.

ஜிஷாவின் தூக்க முடியாத கை நினைவுக்கு வந்தது.

மணி ஆறு. சுவருக்கு அப்பால், அவள் கேட்டுக்கொண்டபடியே, குரல் சத்தமாக ஒலித்தது.

“அருமை! இன்னும் முப்பது விநாடி!”

தொம்.