கருப்பணன் வீட்டுப் பிள்ளை

"பட்டாசுக் கம்பெனிக்கு எதுக்குக்கா எம் பிள்ளை படம்?"

கேட்டுக்கொண்டே மாரித்தாய் வாசல் கதவைப் பாதி சாத்தினாள். தெருமுனையில் கம்பெனி போர்மேன் உக்கிரபாண்டி நின்றுகொண்டிருந்தார். கூடவே சிவகாசி ஸ்டுடியோ யாகூப் பாய், முக்காலியும் கேமராவும் கறுப்புத் துணியுமாக. கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை மட்டும் படம் பிடிக்கிறார்களாம். மாரித்தாயின் புருஷன் கருப்பணனும் மருந்து கலக்குகிறவன்தான்.

"நமக்கு ஒரு செலவும் இல்லையாம்டி," என்றாள் பக்கத்து வீட்டு ராமுத்தாய்.

"அதான் பயமா இருக்கு. அந்தப் போர்மேன் அண்ணாச்சி சும்மா ஒரு வாய்த் தண்ணி குடுப்பாரா?"

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஏதோ ஒரு தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் வந்து, ஊர்ப் பிள்ளைகள் பெயரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பொங்கல் கழிந்ததும் வண்டி வந்து நின்றது. பெயர் எழுதின பிள்ளைகளில் பாதி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் தீக்குச்சி அடுக்குகிறது. மாரித்தாயின் ஒரே மகள் வீரலட்சுமிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

"அன்னைக்குப் பேரைக் கேட்டாக. இன்னைக்கு மூஞ்சியையே கேக்காக. யக்கா, உம் மகன் சோலைச்சாமியைச் செத்த நேரத்துக்குக் குடு."

"எதுக்குடி?"

"மூணு வயசுப் பயலை எந்தக் கம்பெனி வேலைக்குக் கூப்பிடும்?"

வீரலட்சுமி தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சோலைச்சாமி மாரித்தாயின் இடுப்புக்கு வந்து சேர்ந்தான். மூக்கைத் துடைத்து, மாவு மாதிரி பவுடரை அப்பி, கன்னத்தில் பொட்டு வைப்பதற்குள் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கருப்பணனுக்கு இவன் ஒருத்தன்தானா?" என்றார் போர்மேன்.

"ஒருத்தன்தான் அண்ணாச்சி." மாரித்தாய் குலுக்கைப் பக்கம் திரும்பவே இல்லை.

யாகூப் பாய் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். "ஏலே ராசா, இங்கன பாரு. அப்பா எங்க? அப்பா எங்க?"

"எங்க அப்பா கடலை பறிக்கக் காட்டுக்குப் போயிருக்காக," என்றான் சோலைச்சாமி.

மாரித்தாய்க்கு உயிரே போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் பயல் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் 'வீல்' என்று கத்தியதில் போர்மேன் பேச்சை மறந்து காதைப் பொத்திக்கொண்டார். அழுது ஓய்ந்து விக்கலோடு நின்ற முகத்தைத்தான் பாய் பிடித்தார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுக் கருப்பணன் தலையாட்டினான். "செஞ்சது சரிதான். அந்தப் போர்மேனை நம்ப முடியாது. வாயைத் திறந்தா வசவு. சீசன் நேரத்துல வந்து நின்னுக்கிட்டு, மெதுவாச் செய்யிங்கலே, மெதுவாச் செய்யிங்கலேன்னு உசுரை வாங்குதாரு. மெதுவாச் செஞ்சா ஆர்டர் எப்ப முடிய, லோடு எப்ப ஏற?"

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் ராமுத்தாய் ஓடி வந்தாள்.

"அடியே, காலையில படத்தையெல்லாம் கம்பெனிச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டிட்டாகளாம்!"

சுவரில் எதற்கு? யார் வந்து பார்த்து, யார் பிள்ளையைப் பொறுக்கவா? மாரித்தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, வெயிலைப் பாராமல் கம்பெனிக்கு நடந்தாள்.

கேட்டிலேயே உக்கிரபாண்டி பிடித்துக்கொண்டார். "என்னம்மா?"

"அவுகளுக்குக் கஞ்சி..."

"கஞ்சி குடுக்க இது நேரமா? படத்தைப் பாக்கத்தான வந்த? வாளியை அங்கன வையி. மருந்து ரூம் வாசலோட நின்னுக்கோ, உள்ள காலை வச்சிராத."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நாலு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் முகத்துக்கும் நேரே ஒரு படம். மொக்கைச்சாமிக்கு எதிரே அவன் இரட்டைப் பெண்கள். கருப்பணனுக்கு எதிரே விக்கலோடு சோலைச்சாமி.

"இது... எதுக்கு அண்ணாச்சி?"

உக்கிரபாண்டி அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலை இறக்கினார்.

"சீசன் வந்துட்டா இவனுக கையில பேய் புகுந்திருதும்மா. மருந்தைப் பதறாம, உரசாமச் சலிக்கணும். நானும் தொண்டை கிழியக் கத்திப் பாத்துட்டேன், ஒருத்தனும் கேக்கல. போன வருசம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுல அவசரப்பட்டு ரெண்டு பேரு..." துண்டால் முகத்தைத் துடைத்தார். "என் பேச்சைத்தான் கேக்கல, பிள்ளை மூஞ்சியைப் பாத்தாவது நிதானம் வரட்டும்னு முதலாளிகிட்டச் சண்டை போட்டு மாட்டினேன். காரணத்தைச் சொன்னா சிரிப்பானுகன்னு இன்னும் சொல்லல. காலையில இருந்து பாக்கேன், மொக்கைச்சாமி கை பூக்கட்டுற மாதிரி போகுது. மத்த ரெண்டு பேரும் அப்படித்தான்."

மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். கருப்பணனின் கை மட்டும் பறந்துகொண்டிருந்தது.

"ஒம் புருசனைத்தான் எனக்குப் புரியல," என்றார் உக்கிரபாண்டி. "பெத்த பிள்ளை கண்ணு முன்னால நிக்கான். ஒரு தடவை ஏறெடுத்துப் பாக்கலையேம்மா! என்ன மனுசன் அவன்?"

மாரித்தாய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகளை மொதல்ல வெளிய எந்திரிச்சு வரச் சொல்லுங்க அண்ணாச்சி... யாகூப் பாய்க்கும் ஆள் விடுங்க. எம் மக வீட்டுல இருக்கா!"